பத்தியத்துக்கு எடுத்துவைத்த நெல்

குறிப் பலகை என்று ஒன்று இருந்தது. ஒரு முழ நீளம் வரும். ஒரு பக்கத்தில் எழுத்துகளைத் திருப்பிச் செதுக்கியிருப்பார்கள். களத்தில் அடித்துத் தூற்றிய நெல்லைக் குவித்து வைத்தால் அதற்குப் பொலி என்று பெயர். நிலத்துக்காரரும் குத்தகைக்காரரும் பங்கு அளந்துகொள்ளும்வரை பொலியில் ஒருவரும் கைவைக்கக் கூடாது. அதற்காகப் பொலியை வைக்கோலால் மூடி, மூடாக்கின் விளிம்பைச் சுற்றிலும் களிமண்ணை உருட்டி வைத்து, அதன்மேல் இந்தப் பலகையை அழுத்துவார்கள். மண் காய்ந்ததும் எழுத்து நேராக நிற்கும். யாராவது மூடாக்கைத் தூக்கினால் மண் வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பலகையை இப்போது யாரும் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. ஒழிந்ததே நல்லது என்றுதான் நினைக்கிறேன்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் கும்பகோணத்துக்குத் தெற்கே. பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு அரை மணி நடக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அங்கே குத்தகைக்காரர். அவருடைய அப்பா உழுத அதே அரை வேலி நிலத்தைத்தான் அவரும் உழுதார். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், அவர் ஐந்தாவதோடு நின்றவர். தபால் படிப்பது, மனு எழுதுவது எல்லாம் என் வேலை. அதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. நாலு பேர் நடுவில் என்னைக் காட்டி "எங்க வீட்டு வக்கீலு" என்பார். எனக்குத் திமிர் ஏற வேறு என்ன வேண்டும்?

ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மேடை போட்ட இடத்திலெல்லாம் உழுகிறவனைப் பற்றிப் பேசினார்கள். குத்தகைக்காரர்கள் தாலுகா ஆபீஸில் பெயரைப் பதிந்துகொள்ளலாம், அப்படிப் பதிந்தவரை லேசில் வெளியேற்ற முடியாது என்று சட்டமும் வந்திருந்தது. நிலம் வைத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பக்கத்து ஊர்களில் வைக்கோல் போர் எரிந்தது. அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். சிவப்புக் கொடி நட்ட வயல்களில் போலீஸ் நின்றது. எங்கள் ஊரில் அவ்வளவு தூரம் போகவில்லை. எங்கள் சண்டையெல்லாம் காகிதத்தில்தான் நடந்தது.

பதிவு கேட்டு மனு எழுதியது நான். கையெழுத்துப் போட்டது அவர். நிலத்துக்காரர் டவுனில் இருந்தார், அவரை நான் இரண்டு தடவைக்கு மேல் பார்த்ததில்லை. அவருடைய காரியக்காரர்தான் எல்லாவற்றுக்கும் வந்து நிற்பார். இந்த ஆள் குத்தகைக்காரரே இல்லை, கூலிக்கு உழுதவர், மகசூல் முழுக்க எங்களுடையது என்று அவர் பதில் மனுப் போட்டார். தலைமுறையாக உழுத மனுஷரை ஒரே காகிதத்தில் கூலியாளாக்கிவிட்டார்கள். அன்றைக்கு என் வீட்டுக்காரர் சோறு சாப்பிடவில்லை. கோபத்தில் நான் அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் பசிக்கும்.

அந்த வருஷக் குறுவை நன்றாக விளைந்திருந்தது. ஆனால் மழை முந்திக்கொண்டது. இரண்டு மழைக்கு நடுவில் கிடைத்த மூன்று நாள் இடைவெளியில் அறுத்துப் போட்டார்கள். கதிரில் ஈரம், அடித்த நெல்லிலும் ஈரம். நல்ல வெயிலில் நாலு நாள் பரப்பிக் கிளறிவிட வேண்டிய நெல் அது. தூற்றிக் குவித்த அன்றைக்கே காரியக்காரர் கிராம முன்சீப்பைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். விசாரணை முடியும்வரை நெல் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், இரண்டு தரப்பும் தொடக் கூடாது என்று உத்தரவு. வைக்கோலைப் போட்டு மூடினார்கள். ஒரு பக்கம் நிலத்துக்காரர் பலகை, மறுபக்கம் முன்சீப் பலகை. சுற்றிலும் நெருக்கமாகக் களிமண் உருண்டைகள், எல்லாவற்றிலும் எழுத்து. என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று, மண் குழைக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. குறி கரைந்துவிடாமல் இருக்க உருண்டைகளுக்கு மேலே தென்னங்கீற்றுப் போட்டிருந்தார்கள். மூடாக்குக்கு மேலே தண்ணீர் வழிந்து ஓடியது. உள்ளே அவ்வளவாக இறங்கவில்லை, அது உண்மை. ஆனால் உள்ளே ஏற்கெனவே இருந்த ஈரம் எங்கே போகும்? பத்து நாள் கழித்து நான் களத்துக்குப் போனபோது பொலியிலிருந்து ஒரு புளித்த வாடை வந்தது. இரண்டு உருண்டைகளுக்கு நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் கையை நுழைத்துப் பார்த்தேன். வெந்நீரில் கை விட்டதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "நெல்லு வேகுதுங்க. இன்னிக்கே பிரிச்சுக் கிளறணும். ஒரு பக்கமா லேசாப் பிரிச்சு, கிளறிட்டு, மறுபடி மண்ணு வெச்சிடலாம். யாரு பாக்கப்போறா?"

"பலகை யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

எங்களிடம் இல்லைதான்.

"குறி கலைஞ்சா கேசும் கலைஞ்சிடும். கூலிக்காரன் திருடிட்டான்னு எழுதுவாங்க. அதை நீயே வாசிச்சுக் காட்டணும் எனக்கு."

அவர் சொன்னது சரி. அவர் எப்போதும் சரியாகத்தான் சொல்வார். நியாயஸ்தரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நடத்தியவர்களைக் கேட்டால் தெரியும். அடுத்த வாய்தாவுக்குப் போனபோது, நெல் கெட்டுப்போகிறது, கிளறிவிட அனுமதி வேண்டும் என்று ஒரு மனு எழுதிக் கொடுத்தனுப்பினேன். அதற்குப் பதில் போட நிலத்துக்காரர் தரப்பு அவகாசம் கேட்டது. அவகாசம் கிடைத்தது. நெல்லுக்கு யார் அவகாசம் கொடுப்பது?

கார்த்திகை கடைசியில் எங்கள் பக்கம் தீர்ப்பானது. அவர்தான் குத்தகைக்காரர், பதிவு செல்லும், நெல்லைப் பங்கு அளந்துகொள்ளலாம். தாலுகா ஆபீஸிலிருந்து அவர் மழையில் நனைந்துகொண்டே ஓடிவந்ததை இப்போதும் நினைத்துப்பார்க்கிறேன். வாசலில் நின்று சிரித்தார். கும்பகோணத்தில் பாத்திரக் கடையில் வேலையாக இருந்த அவருடைய தம்பி அல்வாவோடு வந்து சேர்ந்தார். எங்கள் பெண்ணுக்கு அப்போது நாலு வயது. என்னவென்று தெரியாமலேயே அவளும் குதித்தாள்.

மறுநாள் குறியைக் கலைத்தார்கள். ஊரே களத்தில் நின்றது. முன்சீப் ஒவ்வொரு உருண்டையாகப் பார்த்து, எல்லாம் அப்படியே இருக்கிறது என்று சத்தமாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நெல்லை ஜெயித்ததைவிட அந்த வார்த்தைதான் அவருக்குப் பெரிதாக இருந்தது என்று எனக்குப் பட்டது.

வைக்கோலை விலக்கியதும் ஆவி கிளம்பியது. மேலே ஒரு முழத்துக்கு நெல் பார்க்க நன்றாக இருந்தது. அதற்குக் கீழே அளக்கிற மரக்கால் இறங்கவில்லை. கட்டி கட்டியாகப் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது. சில கட்டிகளில் பச்சை, சிலவற்றில் மஞ்சள், தட்டினால் மாவு மாதிரி பறந்தது. அடியில் முளைவிட்டு வேரோடிக் கிடந்தது. பூசணம் என்று எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் ஊறுகாயில் வருவது, செருப்பில் வருவது, சுவரில் வருவது. தட்டிவிட்டால் போய்விடும் என்பதற்கு மேல் அதைப்பற்றி யாரும் நினைத்ததில்லை.

காரியக்காரர் ஒரு கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார். அவர் நெல்லிலேயே ஊறிய ஆள். எங்கள் பங்கை இதில் அளக்க வேண்டாம், தை அறுப்பில் சம்பாவாக வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பொலி முழுக்க எங்களுக்கே என்றானது. தோற்றுப்போன ஆள் முகத்தை மறைக்கப் பெருந்தன்மை காட்டுகிறார் என்று நான் என் கொழுந்தனாரிடம் கேலி பேசினேன். அந்த மனுஷர் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்தது கூலி. அறுத்து, கட்டி, அடித்துப் போட்ட ஆட்கள் ஒன்றரை மாதமாகக் காத்திருந்தார்கள். கூலி நெல்லாகத்தான் அளப்பது. எல்லாவற்றையும் கலந்து அளக்கலாம் என்று தம்பி சொன்னார். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. "இத்தன நாளு நம்மளை நம்பி இருந்தவங்களுக்கு மக்கின நெல்லயா அளக்கறது?" என்றார். மேலே இருந்த நல்ல நெல் முழுக்கக் கூலிக்குப் போனது. உள்ளிருந்தது எங்கள் வீட்டுக்கு வந்தது.

அந்த நெல்லோடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கட்டிகளை உதிர்த்தேன். முளைத்ததை எல்லாம் பொறுக்கி எறிந்தேன். புடைத்தேன், மூன்று தண்ணீரில் அலசினேன். மார்கழி வெயிலில் காயப்போட்டு, மேகம் கறுத்தால் அள்ளி, வெளுத்தால் பரப்பி, பத்துப் பன்னிரண்டு நாள் அதோடேயே கிடந்தேன். பிறகு அண்டாவில் போட்டுப் புழுக்கினேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் புழுக்கினேன். நெருப்பு எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும் என்றுதான் எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்தது, அவளுக்கு அவள் அம்மா சொன்னது. வாடை ஏறக்குறையப் போய்விட்டது. மில்லில் அரைத்து வந்தபோது அரிசி நல்ல மஞ்சளாக இருந்தது. மில்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரண்டு தரம் புழுக்கியது, அதனால் நிறம் ஏறியிருக்கிறது என்று சொன்னேன். அப்படித்தான் நானும் நம்பினேன். தவிட்டையும் குருணையையும் கோழிக்குப் போட்டேன். ஏழு கோழி இருந்தன. தை பிறப்பதற்குள் ஐந்து செத்துப்போயின. அது கோழிகளுக்குக் கழிச்சல் வருகிற பருவம். ஊரில் வேறு வீடுகளிலும் கோழிகள் சாகத்தான் செய்தன.

அந்தச் சோற்றை நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். அவர்தான் அதிகம் சாப்பிட்டார். ஒரு கவளத்தை எடுத்து, வாயில் போடுவதற்கு முன்னால், "குத்தகைக்காரன் சோறு" என்று சொல்லிவிட்டுப் போடுவார். பெண்ணும் அதைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தது.

பொங்கல் கழிந்து சில நாளில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பசி அற்றுப்போனது. மூத்திரம் மஞ்சளாகப் போகிறது என்றார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன், சந்தேகமே இல்லை, காமாலை. அந்த மழைக்குப் பிறகு ஊரில் இன்னும் சிலருக்கும் வந்திருந்தது. குளத்துத் தண்ணீரால் என்று பேசிக்கொண்டார்கள். வைத்தியர் வந்து கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார். உப்பு, புளி, எண்ணெய் மூன்றையும் தள்ளச் சொன்னார். நாற்பத்தெட்டு நாள் பத்தியம், புழுங்கலரிசிக் கஞ்சி மட்டும்தான் ஆகாரம் என்றார். கும்பகோணத்தில் காட்டிய டாக்டரும் ஈரல் வீங்கியிருக்கிறது, எண்ணெய் ஆகாது, லேசான ஆகாரமாகக் கொடுங்கள் என்றுதான் சொன்னார். இரண்டு வைத்தியமும் ஒன்றுபோலச் சொன்னதில் எனக்குப் பெரிய நிம்மதி.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். வீட்டில் ரேஷன் அரிசியும் இருந்தது. கடையில் வாங்கியதும் கொஞ்சம் இருந்தது. அவற்றில் என்ன கலந்திருக்குமோ, எத்தனை நாள் கிட்டங்கியில் கிடந்ததோ யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். நம் வீட்டு நெல் என்றால் நாம் அலசியது, நாம் புழுக்கியது, நமக்குத் தெரியும். மீதி இருந்த மஞ்சள் அரிசி இரண்டு தகர டின் அளவு இருக்கும். அதை அவருடைய பத்தியத்துக்கு என்று தனியாக எடுத்துவைத்தேன். நானும் பெண்ணும் ரேஷன் அரிசிக்கு மாறினோம். இருப்பதில் நல்லதை அவருக்கு ஒதுக்கிவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

ஒரு நாளைக்கு மூன்று வேளை அந்தக் கஞ்சி. குருணையாக உடைத்து, குழைய வேகவைத்து, வடிகட்டி, ஆற்றி, நானே ஊட்டுவேன். பெண் ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எனக்கும் ஒரு வாய் என்றது. அது அப்பாவுக்கு மட்டும் என்று சொல்லியும் கையை நீட்டியது. கையிலேயே ஒரு அடி போட்டேன். அழுதுகொண்டே போய்விட்டது. பெற்ற பிள்ளையை அடித்ததில் இன்றைக்கும் நான் வருத்தப்படாத அடி அது ஒன்றுதான்.

கஞ்சியில் அவர் தேறுவார் என்று பார்த்தேன். வயிறு வீங்கியது. கால் வீங்கியது. மஞ்சள் இறங்காமல் உடம்பெல்லாம் ஏறியது. நான் பத்தியத்தை இன்னும் இறுக்கினேன். மோரை நிறுத்தினேன், பாலை நிறுத்தினேன், பழம் கொண்டுவந்தவர்களிடம் முகத்தைக் காட்டினேன். கஞ்சி, கஞ்சி, கஞ்சி. அவருடைய தம்பி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் அண்ணி என்று சொல்லி டாக்சி கொண்டுவந்தார். அங்கே ஒன்பது நாள் வைத்திருந்தோம். அங்கே கொடுத்த ஆகாரம் அவருக்குச் சேராது என்று பிடிவாதமாக நான் வீட்டிலிருந்து அரிசி கொண்டுபோய், பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாவின் அடுப்பில் காய்ச்சித் தூக்குவாளியில் எடுத்துவந்தேன். மாசி மாதம் ஒரு பகல் நேரத்தில் அவர் போய்விட்டார். முப்பத்து மூன்று வயது.

அதன்பிறகு நிலத்தைத் தம்பி பார்த்துக்கொண்டார். நான் பெண்ணை வளர்த்தேன். பள்ளிக்கூடங்களில் சத்துணவு வந்தபோது எனக்கு அமைப்பாளர் வேலை கிடைத்தது. விதவை, எஸ்.எஸ்.எல்.சி. வேறு. எந்தத் திமிர் எதற்கு உதவுகிறது பாருங்கள். பயிற்சிக்குத் தஞ்சாவூருக்குக் கூப்பிட்டார்கள். நூறு பொம்பளைகளாவது இருப்போம், பெரிய ஹாலில் உட்கார்ந்து அளவு, சுத்தம், விறகு என்று எழுதிக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் தானியங்களைப் பாதுகாப்பது பற்றிப் பேச ஒரு பெண் வந்தது. என்னைவிடப் பத்து வயதாவது சின்னது. கண்ணாடிப் பாட்டில்களில் கெட்டுப்போன வேர்க்கடலை, சோளம், நெல் எல்லாம் கொண்டுவந்திருந்தது. அந்த நெல் பாட்டில் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. பச்சை, மஞ்சள். மூடி இறுக்கமாக இருந்தது, ஆனாலும் எனக்கு அந்த வாடை அடித்தது.

அந்தப் பெண் சொன்னது எளிய விஷயம்தான். தானியத்தில் ஈரமும் சூடும் சேர்ந்தால் பூசணம் பிடிக்கும். எல்லாப் பூசணமும் விஷமில்லை. சில வகை, தான் வளரும் தானியத்துக்குள்ளேயே விஷத்தைச் சுரந்து வைக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. ஒரு பிடியில் இருக்கும், பக்கத்துப் பிடியில் இருக்காது. அதனால்தான் ஒரே பானையில் சாப்பிட்ட வீட்டில் ஒருவருக்கு வரும், இன்னொருவருக்கு வராது. கோழிகளும் வாத்துகளும் சீக்கிரம் சாகும். மனுஷருக்கு ஈரலில் போய் உட்காரும்.

நான் எழுந்து நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புழுக்கினால் போய்விடாதா என்று கேட்டேன்.

"பூசணம் செத்துடும்மா. அது விட்டுட்டுப் போன விஷம் சாகாது. அதுக்கு உயிரு இருந்தாத்தானே சாகறதுக்கு" என்றது அந்தப் பெண். வெயிலில் காயவைத்தால் என்று கேட்டேன். வெயில் பூசணம் வராமல் இருக்கத்தான், வந்தபிறகு இல்லை என்றது. உட்கார்ந்திருக்கலாம். எனக்கு உட்காரத் தெரியவில்லை. ஏற்கெனவே காமாலை வந்தவர்களுக்கு இதில் கஞ்சி வைத்துக் கொடுத்தால் என்று கேட்டேன்.

"அவங்களுக்கு இதுல ஒரு வாய்கூடக் குடுக்கக் கூடாதும்மா" என்றது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னது.

அவருக்கு முதலில் வந்த காமாலை குளத்துத் தண்ணீரால் வந்ததா, நெல்லால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. இனி யாராலும் சொல்ல முடியாது. தண்ணீரால்தான் என்றால் ஊரில் மற்றவர்கள் பிழைத்ததுபோல அவரும் ஒரு மாதத்தில் எழுந்து உட்கார்ந்திருக்கலாம். இந்த இடத்துக்கு வந்ததும் என் யோசனை நின்றுவிடும். இதற்கு அப்பால் என்னால் போக முடிந்ததில்லை.

அந்தப் பெண்ணிடம் சாப்பாட்டு வேளையில் இன்னொன்றும் கேட்டேன். பூசணம் எதற்காக விஷத்தைச் செய்கிறது? சரியாகத் தெரியவில்லை, ஒருவேளை அதே நெல்லுக்குப் போட்டிபோடும் மற்ற பூச்சி புழுக்களை விரட்டுவதற்காக இருக்கலாம் என்றது. நம்மைக் கொல்வதற்கு இல்லை. நாம் அதன் கணக்கிலேயே கிடையாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காரியக்காரரை நான் வருஷக்கணக்கில் சபித்திருக்கிறேன். நிலத்துக்காரர் வீட்டில் ஒரு சாவு விழுந்தபோது மனதுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. இதை யாரென்று சபிப்பது? ஈரம் இருந்தது, சூடு இருந்தது, அது வளர்ந்தது. ஈரத்தோடு மூடவைத்தவர்கள் உண்டு, அவர்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த நெல்லை அவர் வாய்வரைக்கும் கொண்டுபோன கை அவர்களுடையது இல்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் கொழுந்தனார் ஒவ்வொரு வருஷமும் அவர் திதியன்று, இலை போட்ட பிறகு, வந்தவர்களிடம் ஒன்றைத் தவறாமல் சொல்வார். "எங்கண்ணன் போறதுக்கு முன்னாடி சொந்த நெல்லுல சாப்ட்டுட்டுத்தான் போனாங்க. கடைசி வேள வரைக்கும் அண்ணி வேற அரிசியக் காட்டலை." வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நான் பரிமாறிக்கொண்டிருப்பேன். அந்த மனுஷருக்கு அண்ணன் என்று மிச்சமிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். அதையும் நான் எப்படிப் பிடுங்குவது?

என் மகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் வரும் வயது. இதை எழுதி முடித்ததும் அவளிடம்தான் முதலில் கொடுக்கப்போகிறேன். அதனால் ஒரு நாளை மட்டும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் அது. காலை வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. நான் கஞ்சியைக் கொண்டுபோனபோது அவர் வாயை மூடிக்கொண்டார். சின்னப் பிள்ளைபோலத் தலையை அந்தப் பக்கம் திருப்பினார். அதுவரை நான் கொடுத்த கஞ்சியை அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"கசக்குது. இன்னிக்கு வேணாமே" என்றார்.

காமாலைக்கு வாய் கசக்கத்தான் செய்யும், சாப்பிட்டால்தான் தெம்பு வரும் என்று சொன்னேன். அவர் திரும்பவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "குறி கலையக் கூடாதுன்னு ஒண்ணரை மாசம் காவல் இருந்தீங்களே, யாருக்காக? நீங்க ஜெயிச்ச நெல்ல நீங்களே வேணாம்னா நான் அதைக் கொண்டுபோய்க் கொல்லையில கொட்டிடட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். மஞ்சள் கண்ணில் தண்ணீர் நின்றது. கையை ஊன்றி, தானே எழுந்து உட்கார்ந்து, கிண்ணத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். நடுநடுவே மூச்சு வாங்கி, முழுக்கக் குடித்தார். என் மனம் குளிரவேண்டும் என்பதற்காக, கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவர் கையிலிருந்து அதை வாங்கி, இன்னும் ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்தேன்.